திமிங்கில, ஓங்கில் நோயெதிர்ப்பு ஆய்வில் எதிர்ப்பொருள்கள்

திமிங்கிலம், ஓங்கில் ஆகியவற்றின் இரத்த வெள்ளணுக்களை வகை பிரிக்கவும், அவை தூண்டப்பட்டுள்ளனவா என்று அறியவும் எதிர்ப்பொருள்கள் உதவுகின்றன. ஒளிர்சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் செல்லின் மேற்பரப்பில் தனக்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஃபுளோ சைட்டோமீட்டர் அந்த ஒளியை ஒவ்வொரு செல்லிலும் அளக்கும்.

ஆய்வாளர்கள் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்ட ஒற்றைக்குளோன் எதிர்ப்பொருள் நுட்பமே இதன் அடிப்படை. மனிதருக்கும் சுண்டெலிக்கும் உரிய எதிர்ப்பொருள்கள் விரைந்து பெருகின. கடற்பாலூட்டிகள் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அந்நிலையை மாற்றியவை பெருஞ்சாவுகள். 1987-88இல் அமெரிக்க அட்லாண்டிக் கரையில் 740க்கு மேற்பட்ட ஓங்கில்கள் மடிந்தன. 1990இல் மத்தியதரைக் கடலின் வரி ஓங்கில்களை மார்பில்லிவைரஸ் தாக்கியது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்துப் பெலூகாக்களின் கொழுப்பில் பி.சி.பி. நஞ்சு மிகுந்திருந்ததும் நோயெதிர்ப்பாற்றல் குறித்த கவலையை வளர்த்தது.

திமிங்கிலங்கள் இரட்டைக்குளம்பிகளின் உறவினம். நீர்யானை மிக நெருங்கிய உறவு. எனவே அதே இரட்டைக்குளம்பி இனத்தைச் சேர்ந்த மாடு, பன்றி ஆகியவற்றுக்கென உருவாக்கிய எதிர்ப்பொருள்களையும் ஆய்வாளர் சோதித்தனர். சில ஒட்டின. ஆனால் ஒட்டுவது மட்டுமே அதே புரதம் என்பதற்குச் சான்றாகாது.

பிற இனத்திலிருந்து பெற்ற இரவல் அளவுகோலின் குறையை ரொமானோ, ரிட்ஜ்வே, குவரன்டா ஆகியோரின் 1992ஆம் ஆண்டு ஆய்வு தெளிவாகக் காட்டியது. வெள்ளணு வகையான டி செல்களில், மனிதரிடம், எம்.எச்.சி. இரண்டாம் வகை என்னும் மேற்பரப்புப் புரதம் பெரும்பாலும் தூண்டலுக்குப் பின்னரே தோன்றும்; அதனால் அது தூண்டலின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஓங்கிலிலோ, தூண்டப்படாத டி செல்களிலேயே அப்புரதம் இருந்தது. பன்றி, நாய், குதிரை ஆகியவற்றிலும் இப்படியே. மனித விதியை ஓங்கிலுக்குப் பொருத்தினால், அமைதியான செல்லைப் போராடும் செல்லாகக் கணக்கிட நேரும்.

வேறு அடையாளம் தேவைப்பட்டது. அவரையினத் தாவரத்திலிருந்து கிடைக்கும் கான்கனவாலின் ஏ போன்ற தூண்டிகளைச் சேர்த்து செல்கள் பெருகுவதை அளப்பது வழக்கம். 1995இல் ஓங்கில் செல்களில், தூண்டலைக் காட்டும் இன்டர்லூக்கின்-2 ஏற்பியை அளக்கும் சோதனை வெளியானது. செல்களை வகை பிரிக்க, சில்வான் டி கீஸ் குழுவினர் 2002இல் வெள்ளணு மேற்பரப்புப் புரதங்களான சிடி2, சிடி19, சிடி21 ஆகியவற்றின் திமிங்கில இணைப் புரதங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்களை விவரித்தனர். முதலாவது டி செல்களையும் மற்றவை பி செல்களையும் காட்டுகின்றன. 

2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அங்குள்ள பாராட்டாரியா விரிகுடா ஓங்கில்களின் நோயெதிர்ப்புச் செல்களும் ஆராயப்பட்டன. பெரிய பலீன் திமிங்கிலங்களிடம் உயிருடன் இரத்தம் எடுப்பது நடைமுறையில் இயலாததால், இன்றுள்ள அறிவு பெரும்பாலும் ஓங்கில், பெலூகா போன்ற சிறிய பல்லுடைய இனங்களைச் சார்ந்ததே.