கீழூர் வாக்கெடுப்பும் பாரதியின் பத்தாண்டும்

1954 அக்டோபர் 18. வில்லியனூர் பக்கத்தில் கீழூர் என்ற சின்ன கிராமம். பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணையலாம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. இடையிடையே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடுங்கிக்கொண்ட காலம் போக, 1674 முதல் நடந்த ஆட்சி இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டது.

வாக்கெடுப்பு எப்படிப் புரட்சியாகும் என்று கேட்கலாம். ரத்தம் முன்பே சிந்தியாயிற்று. 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சுக் காவலரின் குண்டுக்குப் பலியானார்கள். ஆள்வது யார் என்பது அடியோடு மாறினால் அது அரசியல் புரட்சிதான். அதற்குத் தேதி உண்டு. பாஸ்டில் சிறை என்றால் 1789 ஜூலை 14. ஆனால் ஐரோப்பிய மறுமலர்ச்சி எந்த நாள் தொடங்கியது? 14ஆம் நூற்றாண்டு என்று எழுதினாலும் 15 என்று எழுதினாலும் பரீட்சையில் மார்க் போட்டுவிடுவார்கள்!

புதுச்சேரியிலும் ஒரு மறுமலர்ச்சி நடந்தது. ஆங்கிலேயரிடமிருந்து தப்பி 1908இல் பாரதி இங்கே வந்தார், 1918 வரை இருந்தார். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் அப்போது எழுதப்பட்டவை. கவர்னர் மாறவில்லை, கொடி மாறவில்லை, வரியும் குறையவில்லை. ஆனால் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்கு பாரதி பூணூல் போட்டார். சமத்துவம் பேசிய பிரெஞ்சுக் குடியரசு இதே மண்ணில் ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு வேறு என்று வாக்காளர் பட்டியலைப் பிரித்து வைத்திருந்தது. எந்தச் சட்டமும் சொல்லாத ஒன்றை ஒரு கவிஞர் தன் வீட்டுக்குள் செய்தார்.

அவரிடம் வந்து சேர்ந்த சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். பிறகு சுயமரியாதை இயக்கத்துக்குப் போய், குருவின் பக்தியைத் தள்ளிவிட்டு அவர் தமிழை மட்டும் எடுத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், 1909இல் காரைக்கால் நிரவிப் பள்ளியில் தொடங்கி அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது பிரெஞ்சு அரசுதான்!

மறுபக்கம் எதுவார் குபேரைப் பாருங்கள். பிரெஞ்சு ஆதரவுக் கட்சியின் தலைவர். 1954 தொடக்கத்தில் திடீரென்று இணைப்பின் பக்கம் வந்தார், மார்ச் மாதம் நெட்டப்பாக்கத்தில் விடுதலைக் கொடி ஏற்றினார், 1963இல் முதலமைச்சரும் ஆனார். அரசியலில் இது நடக்கும். ஒரே ஆள் கட்சி மாற ஒரு மாதம் போதும். அதே வேகத்தில் சாதி பற்றிய எண்ணம் மாறியிருக்குமா?

காகிதக் கணக்கே சீக்கிரம் முடியவில்லை. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களின் சொத்து வழக்குகளில் இன்றும் பிரெஞ்சு சிவில் சட்டம் பேசுகிறது. வில்லியனூரும் பாகூரும் இன்றும் 'கொம்யூன்' பஞ்சாயத்துகள்தான். அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, அந்த பிரெஞ்சுச் சம்பளக்கார வாத்தியார் எழுதியது.