மன்னார்க் கூத்தும் மக்களைப் பெற்றோரும்

மன்னார்த் தீவினையும் அதற்கு எதிரே அமைந்த மாதோட்டக் கரையினையும் அறிந்தோர், அந்நிலத்தின் பெருமையாக முத்துக்குளிப்பினையும் திருக்கேதீச்சரத்தினையும் மடுத் திருப்பதியினையும் எடுத்துரைப்பர். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க செல்வம் பிறிதொன்றும் உண்டு. அஃது அங்கு வாழும் கத்தோலிக்கக் குடிகள் வழிவழியாகப் பேணிவந்த நாட்டுக்கூத்தாகும்.

1544ஆம் ஆண்டிலே, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள், யாழ்ப்பாணத்தரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அவர்தம் தொகை 600க்கு மேற்பட்டதென்பது மரபு. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர்; 1658இல் ஒல்லாந்தர் அவர்களை அகற்றிக் கத்தோலிக்க வழிபாட்டையும் தடைசெய்தனர். இத்துணை இடுக்கண்களைக் கண்ட மக்கள், தம் நம்பிக்கையை ஏட்டில் மட்டும் வைத்துக் காத்தாரல்லர். பாட்டிலும் ஆட்டத்திலும் வைத்துக் காத்தனர். எழுத்தறியாதார்க்கும் மறைக்கதைகளைக் கற்பித்த பள்ளி கூத்துக் களரியே.

மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் என்பன அவ்வழி வந்தவை. 'எம்பரதோர்' என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். ஆண்டவர் அகன்று நூற்றாண்டுகள் கழிந்தும் அவர்தம் சொல் தமிழ்க் கூத்தின் பெயரிலே நிலைத்துவிட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இம்மூன்று நாடகங்களையும் 1964 முதல் 1967 வரையுள்ள காலத்திற் பதிப்பித்து, கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்தார்.

எனினும், கூத்து அச்சேறியதனால் மட்டும் வாழ்வதில்லை. அண்ணாவியார் ஏட்டைப் பார்த்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க, மத்தளமும் தாளமும் ஒலிக்க, இளையோர் பல இரவுகள் பழகுதல் வேண்டும். பகலெல்லாம் கடலிலும் வயலிலும் உழைத்த தந்தை, மாலையில் மகனைப் பழக்கத்துக்கு அழைத்துச் செல்கின்றான். உடுப்புக்கும் முடிக்கும் ஆகும் செலவைத் தாங்குகின்றான். தாயோ அடுப்படியில் அப்பாட்டுகளைத் தானும் முணுமுணுத்து, பிள்ளை மறந்த அடியை எடுத்துக் கொடுக்கின்றாள். அரங்கேற்ற இரவில் தம் பிள்ளை வரவுப்பாட்டோடு களரியில் அடிவைக்குங்கால், ஈன்றோர் அடையும் பெருமிதத்துக்கு எல்லை ஏது?

இவ்விடத்திற் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. மூவிராசாக்கள் கதையிலே குழந்தைகளைக் கொல்விக்கும் ஏரோது அரசனாக நடிப்பவனும் அவ்வூர்ப் பிள்ளையே. அவனைப் பெற்றோரும் அதே பெருமிதத்துடன் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். கொடியவன் நெஞ்சிலும் புகுந்து, அவன் அச்சத்தையும் ஆணவத்தையும் உணர்ந்து பாடக் கற்றவன், பகையை எளிதிற் பேசமாட்டான்.

நாட்டுப்பற்றுக்கும் இப்பயிற்சி இன்றியமையாதது. சங்கிலியை அந்நியரை எதிர்த்த வீரனாக யாழ்ப்பாணம் நினைக்கின்றது. மன்னாரோ தன் வேதசாட்சிகளைக் கொன்றவனாக நினைக்கின்றது. மதமாற்றம் தன் குடிகளைப் போர்த்துக்கேயர் பக்கம் சாய்த்துவிடும் என அவன் அஞ்சினான் என்பர் வரலாற்றாசிரியர். அவ்வச்சம் கொலையை நியாயமாக்காது. கொலையும் பின்வந்த அந்நிய ஆட்சியை நியாயமாக்காது. இரண்டையும் பிள்ளைகட்கு மறைக்காது சொல்லும் பெற்றோரே உண்மையான நாட்டுப்பற்றை ஊட்டுவோராவர். ஒரு பாதியை மட்டும் சொல்வோர் ஊட்டுவது வெறுப்பையே.

1990ஆம் ஆண்டு தொட்டு 2009 வரை மன்னார் மக்கள் பலமுறை ஊர்பெயர்ந்தனர். சமயம் எதுவாயினும், வீடிழந்த துயர் ஒன்றே. மீண்டு வந்தோர் கூரை வேய்ந்த பின்னர்க் களரியையும் நினைந்தனர் என்றால், அதன் வேர் எத்துணை ஆழமானது என்பது விளங்கும். தந்தை தோளில் உறங்கியபடி கூத்துப் பார்த்த குழந்தை, நாளை அக்களரியில் ஆடும். அதன் பின், தன் குழந்தையைத் தோளிற் சுமந்து அங்கு வரும். அத்தொடர் அறாதவரை மன்னாரின் நினைவும் அறாது.