வழக்குமன்றச் சொற்களில் ஒரு நாட்டின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது மரபு. ஆயின், அந்நாட்டு வழக்குமன்றங்களில் வழங்கும் சொற்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம்மிடையே வழங்கும் ‘வக்கீல்’ என்னும் சொல் அரபு மொழியிற் பிறந்து, பாரசீகத்தின் வழியே இந்நாட்டுக்கு வந்தது. அதே அரபுச் சொல் துருக்கி மொழியின் வழியே ருமேனியாவுக்குச் சென்று, ‘வெகில்’ என்ற வடிவில், பிறர்பொருட்டுச் செயற்பட அதிகாரம் பெற்றவரைக் குறித்தது. நம்மிடம் அச்சொல் இன்றும் வாழ்கிறது. அங்கோ வழக்கொழிந்து, ‘அவொகாத்’ என்பது அதன் இடத்தைப் பெற்றுவிட்டது.

ருமேனியச் சட்டச் சொற்களை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளை ஆராயின், அந்நாட்டின் வரலாறே அடுக்கடுக்காய்ப் புலனாகும். அவற்றுட் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

அடுக்கடுக்காய் அமைந்த சொற்கள்

ருமேனிய மொழி இலத்தீனின் மகள். நீதிபதியைக் குறிக்கும் ‘ஜுதெகதோர்’, சட்டத்தைக் குறிக்கும் ‘லெஜே’ ஆகியவை தாய்வீட்டுச் சொற்கள். அண்டை நாட்டுச் சிலாவிய மொழியினின்று ‘பிரவிலா’ என்னும் சொல் வந்தது. அதற்கும் சட்டம் என்பதே பொருள். வலாக்கிய மன்னர் மத்தேய் பசராப் ஆட்சியில், 1652 இல் தர்கொவிஷ்தே நகரில் ஒரு சட்டநூல் அச்சாயிற்று. அதன் தலைப்பில் ‘லெஜே’ என்னும் இலத்தீன் வழிச்சொல் இருக்க, அது ‘பெரிய பிரவிலா’ என்றே பெயர் பெற்றது. ஒரே நூலுக்கு ஈரடுக்குப் பெயர்!

வலாக்கியாவும் மொல்தாவியாவும் துருக்கியப் பேரரசின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தமையால், ‘திவான்’ என்னும் சொல்லும் அங்கு நிலைபெற்றது. நமக்குத் திவான் என்றால் சமஸ்தானத்தின் முதலமைச்சர் நினைவுக்கு வருவார். வடபுலத்தில் வாழும் நாம் உரிமையியல் வழக்கைத் ‘தீவானி’ என்று சொல்லக் கேட்கிறோம். அங்கோ, திவான் என்பது மன்னர் வீற்றிருந்து வழக்குரைக்கக் கேட்ட அவை.

கிரேக்க மொழி வழிவந்த ‘லொகொஃபத்’ என்னும் சொல், பழங்காலத்தில் அரசவை ஆவணங்களுக்குத் தலைவரான பேரதிகாரியைக் குறித்தது. பின்னர்ப் படியெடுக்கும் எழுத்தரையும் குறிக்கலாயிற்று. ஆவணத்தின் காலத்தை நோக்காது பெயர்ப்பவர், நம் போன்ற எழுத்தரை அமைச்சராக்கிவிடக் கூடும்! அமைச்சரை எழுத்தராக்கிவிடவும் கூடும்.

1859 இல் இரு நாடுகளும் அலெக்சாந்துரு இயோன் கூசாவின் தலைமையில் இணைந்தன. சிரில் எழுத்து நீங்கி இலத்தீன் எழுத்து வந்தது. பிரெஞ்சு நாட்டின் 1804 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பைப் பெரிதும் தழுவி, 1864 இல் உரிமையியல் சட்டத் தொகுப்பு உருவாயிற்று. அதனோடு பிரெஞ்சுச் சொற்களும் வெள்ளமெனப் புகுந்தன.

ஒலி ஒன்று, பொருள் வேறு

இங்குதான் ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு இடர் தொடங்குகிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும் பல சொற்களை ஒலியளவில் பகிர்ந்துகொள்கின்றன, சட்டமுறையோ வெவ்வேறு. ருமேனியாவில் ‘மஜிஸ்திராத்’ என்பது நீதிபதியையும் அரசு வழக்குத் தொடுநரையும் ஒருங்கே குறிக்கும். அதனை ‘மாஜிஸ்திரேட்’ என்று எழுதினால் படிப்பவர் கீழ்நிலைக் குற்றவியல் நடுவரையே கருதுவார். ‘திரிபுனால்’ என்பது அங்கு மாவட்ட நிலையில் உள்ள நீதிமன்றம். மைய அரசு ஊழியரான நமக்கோ, திரிபுனால் என்றதும் 1985 இல் அமைந்த நிர்வாகத் தீர்ப்பாயமே நினைவுக்கு வரும். அன்றியும், 1952 இல் ருமேனியாவில் அடிமட்ட நீதிமன்றமே ‘மக்கள் திரிபுனால்’ எனப்பட்டது. 1968 இல் ‘ஜுதெகதோரியே’ என்னும் பழம்பெயர் மீண்டது. எனவே, ஆண்டறியாமல் பெயர்த்தல் ஆகாது.

ஒரு வீட்டின் கதை

சொல்லின் பொருள் பிறழ்ந்தால் என்ன கேடு என்பார்க்கு ஒரு சான்று கூறுவோம். ‘தெஃபினிதீவா’ என்னும் சொல்லை ‘இறுதியானது’ எனப் பெயர்ப்பது எளிது. ஆனால் பழைய நடைமுறைச் சட்டத்தில் அதற்கு மேலும் ‘இரெவொகாபிலா’ என்றொரு படி இருந்தது. முன்னது மேல்முறையீட்டைக் கடந்த தீர்ப்பு. அதன்மேல் ‘ரெகூர்ஸ்’ என்னும் முறையீடு இன்னும் எஞ்சியிருக்கும். பின்னதே, எவ்வகை வழக்கமான முறையீட்டுக்கும் இடமில்லாத தீர்ப்பு. 2013 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இவ்வேறுபாட்டை நீக்கியது. ஒரே சொல், ஆண்டுக்கேற்ப இருவேறு உறுதி!

வழக்கமான முறையீடு அடைபட்ட பின்னும் வேறொரு கதவு திறந்திருந்தது. புருமரெஸ்கு வழக்கு அதனை உலகறியச் செய்தது. 1950 இல் அரசுடைமையாக்கப்பட்ட ஒரு வீட்டை உரியவரின் மகனுக்கே திருப்பித் தருமாறு 1993 இல் புக்காரெஸ்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரும் முறையிடாமையால் தீர்ப்பு நிலைபெற்றது. ஆயினும், தலைமை அரசு வழக்குத் தொடுநர் ‘ரெகூர்ஸ் இன் அனுலாரே’ என்னும் வழியில் உச்ச நீதிமன்றத்தை அணுக, 1995 இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. அதனை வெறும் ‘அப்பீல்’ என ஆங்கிலத்தில் எழுதினால் நடந்த அநீதியே மறைந்துபோம். அப்பீல் செய்பவர் வழக்காடியவர். அதற்குக் காலவரம்பும் உண்டு. இதிலோ, வழக்கில் கட்சிக்காரரல்லாத அதிகாரி ஒருவர், காலவரம்பு ஏதுமின்றி, முடிந்த தீர்ப்பைக் கலைக்கலாம். இந்நுட்பத்தையே அடிப்படையாகக் கொண்டு, 1999 இல் ஸ்திராஸ்புர்க் நகரின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வீட்டுக்குரியவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2003 இல் உரிமையியல் வழக்குகளில் அம்முறை ஒழிக்கப்பட்டது.

தீர்ப்பைக் குறிக்கும் ‘ஹொதரரே’ என்னும் ருமேனியச் சொல், ‘எல்லை’ எனப் பொருள்படும் அங்கேரிய மொழிச் சொல்லின் வழிவந்தது. எல்லை வகுத்தலே தீர்ப்பு என்பது அதன் உட்கருத்து. வரையிடுதலினின்று ‘வரையறை’ கண்ட தமிழர்க்கு இது புதிதன்று.

பத்திரங்களையும் சான்றிதழ்களையும் இந்தி, ஆங்கிலம், தமிழ் எனப் பல மொழிகளில் கையாண்டு பிறமாநிலங்களில் வாழ்வோர் நாம். ஒரு சொல்லைப் பெயர்க்குமுன், அது எவ்வாண்டில் எழுதப்பட்டது, அவ்வதிகாரி அல்லது அம்மன்றம் ஆற்றிய பணி யாது என்னும் இரு வினாக்களையும் எழுப்புவோமாக. ஒருவரது வீடும் உரிமையும் அச்சொல்லில் அடங்கியிருத்தல் கூடும்.