ஏட்டு லாபமும் கல்லாக் காசும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு, திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் வளர்ந்த வியாபாரத் தலம். அங்கே கடை விரித்த நம் தமிழ் வியாபாரிகளுக்குப் பேரேடு வேறு, நாள்வழி வேறு. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதைப் பேரேடு சொல்லும். கல்லாவில் என்ன இருக்கிறது என்பதை நாள்வழி சொல்லும். பத்து மூட்டை அரிசியைக் கடனுக்கு விற்றால் ஏட்டில் லாபம் ஏறிவிடும். கல்லாவில் ஒரு பைசா ஏறாது.

இந்த வேறுபாட்டின் வலியைத் திருவிதாங்கூர் ஏற்கெனவே பட்டறிந்திருக்கிறது. 1912-இல் திருவல்லாவில் தோன்றிய திருவிதாங்கூர் நேஷனல் பாங்கும், 1919-இல் தோன்றிய கொல்லம் பாங்கும் 1937-இல் ஒன்றாயின. மறு ஆண்டு ஜூன் மாதமே அந்தப் பெரிய வங்கி கதவடைத்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகைதான் காரணம் என்பார் ஒரு சாரார். நிர்வாகம்தான் காரணம் என்பார் மறுசாரார். வழக்கு எப்படியிருந்தாலும் ஒன்று நிச்சயம். வெளியே கொடுத்த கடன் நினைத்த அன்றே திரும்பாது. டெபாசிட் போட்டவரோ நினைத்த அன்றே வந்து நிற்பார்.

கம்பெனிகளின் நாள்வழியைப் பங்குதாரர் பார்க்கும் வாய்ப்பு நம் நாட்டில் வெகு தாமதமாகவே வந்தது. ரொக்க ஓட்ட அறிக்கையைப் பங்குச்சந்தைக் கம்பெனிகள் தரவேண்டும் என்று 1995-இல் செபி விதித்தது. 1997-இல் திருத்தப்பட்ட மூன்றாம் கணக்கியல் தரம் அதற்கு வடிவம் கொடுத்தது. 2013 கம்பெனிச் சட்டம், சிறு கம்பெனிகள் போன்ற சில நீங்கலாக, அதை நிதி அறிக்கையின் அங்கமாகவே ஆக்கிவிட்டது.

அதில் மூன்று பகுதிகள் உண்டு: தொழிலில் வந்த ரொக்கம், முதலீட்டில் போன ரொக்கம், கடனாகவும் பங்காகவும் திரட்டிய ரொக்கம். ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஐந்து வருஷத்து லாபத்தையும், அதே ஐந்து வருஷத்தில் தொழிலில் வந்த ரொக்கத்தையும் கூட்டிப் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். லாபம் ஏறிக்கொண்டே போய், ரொக்கம் பின்தங்கினால், சரக்கு தேங்கியிருக்கும் அல்லது பாக்கி வசூலாகாமல் நிற்கும். கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுக்கிறார்களா என்பதும் மூன்றாம் பகுதியில் தெரிந்துவிடும்.

ஆனால் ரொக்கமே பொய்யானால்? ஹைதராபாத் சத்யம் கம்பெனியின் கதை அதுதான். தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-இல் எழுதிய கடிதப்படி, 2008 செப்டம்பர் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. வராத வட்டி 376 கோடியும் ஏட்டில் ஏறியிருந்தது. அந்தக் காலாண்டில் 649 கோடி என்று காட்டிய தொழில் லாபம், உண்மையில் 61 கோடி. ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் யாரைப் போய்க் கேட்பது?

அத்தனை ரொக்கம் வருஷா வருஷம் ஏன் சும்மா கிடக்கிறது என்பதுதான் அன்றே எழுந்திருக்க வேண்டிய கேள்வி. இருப்பை வங்கியிடமே நேரில் கேட்டுச் சரிபார்த்திருந்தால் அந்த வேஷம் அன்றே கலைந்திருக்கும். ராஜு உள்ளிட்டோருக்கு 2015-இல் ஏழாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். அடுத்த முறை ஆண்டறிக்கை வீட்டுக்கு வந்தால், முன்பக்கத்துப் படங்களைத் தள்ளிவிட்டு ரொக்கக் கணக்கின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டச் சொல்லுங்கள்.