சீதபேதி என்று பெயர் வைத்த நோய்

1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இறந்தார். சீதபேதி என்று நினைத்துத்தான் அவருக்கு வைத்தியம் நடந்தது. வந்திருந்தது மலக்குடல் புற்றுநோய். அக்கா 1912-லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். ஒரு டாக்டரின் குடும்பத்திலேயே அந்த நோய் வேறு பெயரில் இருந்திருக்கிறது.

மண்ணூர் வீட்டில், பயாப்ஸி முடிவு வந்த வாரம் இதைப் படித்தேன். எனக்கு முப்பத்தாறு வயது, மகளுக்கு மூன்று. எட்டு மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. "நைட் ஷிஃப்ட், கேன்டீன் சாப்பாடு, உடம்பு சூடு. மோர் குடி" என்றார்கள் நண்பர்கள். ஒரு டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மூலத்துக்கு மாத்திரை எழுதினார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. மனைவி மட்டும் கேட்டாள்: "ஏங்க, அவர் கைய வெச்சுப் பாத்தாரா?"

பார்க்கவில்லை. நானும் கூச்சத்தில் கேட்கவில்லை.

ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனை மிகப் பழையது. கீழ்க்குடலை உள்ளே பார்க்கும் குழாயை அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் கெல்லி 1895-இல் அறிமுகப்படுத்தினார். மலக்குடல் புற்றை அகற்றும் தன் அறுவை முறையை லண்டனின் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-இல் வெளியிட்டார். ஆக 1923-இல் உலகத்தில் கருவியும் இருந்தது, கத்தியும் இருந்தது. ஆனால் சந்தேகம் வந்தால்தானே கருவியை எடுப்பார்கள்? சீதபேதியும் மூலமும் ஊரெல்லாம் இருக்கும் நோய்கள். அவற்றின் நிழலில் இது ஒளிந்துகொள்கிறது. வயது குறைவென்றால் இன்னும் எளிது.

முத்துலட்சுமி அந்தச் சாவை வீட்டுத் துக்கமாக மூடிவைக்கவில்லை. 1925-இல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது புற்றுநோய் சிகிச்சையைக் கவனித்துக் கற்றார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு அது திறந்தது. அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா சேர்ந்தார். தங்கை போய் 31 வருடம் கழித்துத்தான் அந்தக் கதவு திறந்தது.

பெருங்குடல் புற்று பெரும்பாலும் சிறு சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போலப் பிடிக்கும். அதற்குள் கொலனோஸ்கோப்பி செய்து வெட்டி எடுத்துவிட்டால் அதோடு தீர்ந்தது. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணம் தெரியாத ரத்தசோகை: இவை இருந்தால் மூலம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

பெற்றோருக்கு இந்த நோய் வந்திருந்தால், பிள்ளைகள் நாற்பது வயதிலோ, பெற்றோருக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்தியோ அப்போதே பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. என் மகளுக்கு அது இருபத்தாறு வயது.

அன்றைக்கு நான் இருப்பேனா, தெரியாது. ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: நோயின் பெயர், என் வயது, அவள் போக வேண்டிய வருடம். மூலம் என்று எழுதவில்லை.