ஒல்லாந்தரின் சைக்கிள் பாதை எப்படி வந்தது?

அம்ஸ்டர்டாம் நகரின் சைக்கிள் படங்கள் அடிக்கடி பகிரப்படுகின்றன. கீழே ஒருவர் "அது அவங்கட கலாசாரம்" என்று எழுதுவார். இன்னொருவர் "தட்டையான நாடு, மிதிக்க லேசு" என்பார். நமது கிழக்குக் கரையும் தட்டைதானே!

நமது கரையோரத்தை 1796 வரை ஆண்ட அதே ஒல்லாந்தரின் நாடுதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அங்கு சைக்கிள்தான் சாதாரண மக்களின் வாகனம். போருக்குப் பின் கையில் காசு வந்தது, காரும் வந்தது. பாதையை அகலமாக்க வீடுகள் உடைக்கப்பட்டன. 1954இல் அம்ஸ்டர்டாம் பொலிஸ் தலைவர் காஸ்யாகர், நகரின் பழைய கால்வாய்களை நிரப்பிக் கார்களுக்கு இடம் எடுக்கலாம் என்றுகூட யோசனை சொன்னார். நல்லவேளை, அது நடக்கவில்லை.

1971இல் அந்தச் சிறிய நாட்டில் வீதி விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அவர்களில் ஒருத்தி. அடுத்த வருடம் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு "பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்". விபத்து என்று சொல்லாமல் கொலை என்றார். அந்தத் தலைப்பே பெற்றோர் இயக்கம் ஒன்றின் பெயரானது. அவர்கள் பாதைகளை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். சைக்கிளில் பிரதமர் டென் ஓய்லின் வீட்டுக்கே போய்ப் பாட்டுப் பாடிப் பாதுகாப்பான வீதி கேட்டார்கள்.

1973 ஒக்டோபரில், ரமழான் மாதத்தில், எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுடன் போரிட்டன. இஸ்ரேலை ஆதரித்த நெதர்லாந்துக்கு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓடினார்கள்.

2022இல் பெற்றோல் இல்லாதபோது நாமும் சைக்கிளைத் தூசு தட்டினோம். பெற்றோல் வந்தது, சைக்கிள் மறுபடி சுவரோரம் போனது. அங்கு அப்படி நடக்கவில்லை. காரணம், எண்ணெய் நிற்பதற்கு முன்பே பெற்றோர் அணிதிரண்டிருந்தார்கள். 1975இல் சைக்கிளோட்டிகள் தமக்கென்று சங்கம் அமைத்தார்கள். 1976இல், குடியிருப்பு வீதிகளில் கார் நடை வேகத்தில்தான் போகலாம் என்ற விதி சட்டமானது. ஹேக், டில்பர்க் நகரங்களில் பரீட்சார்த்தமாகத் தனிச் சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. கடைக்காரர்கள் வியாபாரம் கெடும் என்று எதிர்த்தார்கள் (இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்).

2010இல் அங்கு வீதியில் இறந்த பிள்ளைகள் 14 பேர்.

நமது பாடசாலை வாசலில் பிள்ளைகளின் சைக்கிளும் லொறியும் ஒரே பாதையில்தான் போகின்றன. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், பாடசாலை விடும் நேரத்தில் கனரக வாகனங்களை அந்தப் பாதையில் நிறுத்தக் கேட்கும் பிரேரணையை வைக்கிறேன். பெற்றோர் வாருங்கள்.