ஒரு மோதிரத்துக்குள்ள நுழையிற சால்வை

இன்னைக்கு ஒரு ஈரச் சால்வையோட கதை.

கையால பின்னின லேஸ் சால்வை ஊசியை விட்டு இறங்கினதும் எப்படி இருக்கும் தெரியுமா? சுருங்கி, கசங்கி, ஏதோ பழைய துணி மாதிரி. எந்த டிசைனும் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தண்ணியில நனைச்சு, இழுத்து விரிச்சு, அப்படியே காய விடணும். அப்பதான் பூவும் அலையும் வெளியில வரும். இதுக்குப் பேர்தான் பிளாக்கிங்.

இது வேலை செய்யறதுக்குக் காரணம் கம்பளியோட கெமிஸ்ட்ரி. கம்பளி இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நனையும்போது அதுக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும். காயும்போது புது வடிவத்தில் திரும்பச் சேரும். மறுபடி துவைச்சா? மறுபடி விரிக்கணும்.

இப்போ ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்து தீவுகளுக்குப் போவோம். அங்கே ஆட்டோட கழுத்துப் பக்கம் இருக்கிற மெல்லிய கம்பளியைக் கையாலேயே பிடுங்கி, தலைமுடியை விட மெலிசா நூற்பாங்க. அதுல பின்னின பெரிய சால்வை ஒரு கல்யாண மோதிரத்துக்குள்ள நுழைஞ்சு வந்துடும். லெர்விக்கில் பிறந்த ஆர்தர் ஆண்டர்சன், பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். இவர் 1837-இல் விக்டோரியா ராணிக்கு ஷெட்லாந்து காலுறைகளைப் பரிசா கொடுத்தார். 1851 லண்டன் மகா கண்காட்சியில் ஷெட்லாந்து லேஸும் இருந்தது. ஃபேஷன் சூடுபிடிச்சது.

பின்னினது தீவுப் பெண்கள். ஃபினிஷிங் தனித் தொழில். அதைச் செய்தவங்களுக்கு 'டிரெஸ்ஸர்'னு பேர். சால்வையைத் துவைச்சு, கந்தகப் புகை காட்டி வெளுப்பாக்கி, கிழிசல் இருந்தா தைச்சு, மரச்சட்டத்தில் முனை முனையா நூல் கோத்து இழுத்துக் கட்டுவாங்க. சுருங்கிக் கிடந்த துணி கடையில் வைக்கிற சரக்கா மாறுறது இந்த இடத்துலதான்.

சரி, பின்னினவங்களுக்கு என்ன கிடைச்சது? பெரும்பாலும் காசு இல்லை. வியாபாரி தன் கடைச் சரக்கைத்தான் கொடுப்பார்: துணி, தேயிலை. இதுக்கு 'டிரக்' முறைன்னு பேர். 1872-இல் பிரிட்டிஷ் அரசு வில்லியம் கத்ரி என்ற அதிகாரியை விசாரணைக்கு அனுப்பினது. மீனவர்களோட சேர்ந்து பின்னல் பெண்களும் சாட்சி சொன்னாங்க. மாவு வாங்கக் காசு இல்லாம, கூலியா வந்த தேயிலையை அக்கம்பக்கத்தில் கொடுத்து மாத்திக்கிட்ட கதை எல்லாம் அரசாங்கப் பதிவிலேயே இருக்கு. யோசிச்சுப் பாருங்க, உங்க ஆபீஸ்ல சம்பளத்துக்குப் பதிலா அவங்க கடை கூப்பன் மட்டும் கொடுத்தா?

1887-இல் சட்டம் வந்தது: வீட்டிலிருந்து பின்னுறவங்களுக்கும் பணமாத்தான் கொடுக்கணும். சட்டம் வந்தாலும் பண்டமாற்று உடனே ஒழியல. 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. தீவில் மாற்று வேலையும் குறைவு, வேற கடையும் குறைவு.

மியூசியத்தில் இந்தச் சால்வைகளைப் பார்த்தா ஒரு சுருக்கம் இருக்காது. அந்த நேர்த்தியில பின்னினவங்க பசி எங்கேயும் தெரியாது. அது தெரியணும்னா, 1872-இல் அந்தப் பெண்கள் சொன்ன சாட்சியத்தைத்தான் பக்கத்துல வச்சுப் படிக்கணும்.